ராஜமேரி கையால் ஒரு மாத்திரை

அலுப்பு என்றால் காலில் வரும், இடுப்பில் வரும். ராஜமேரிக்குக் காதில் வந்திருந்தது. காலையில் கண் விழித்தால் புருஷன் வியாகுலத்தின் இருமல். ஷெட்டுக்குள் போனால் பட்டுப்புழு இலை தின்னும் சத்தம். வெளியே வந்தால் நாத்தனார் லூர்துமேரியின் போன். மூன்றில் ஏதாவது ஒன்று நின்றால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எதுவும் நிற்கிற வழியாக இல்லை.

மாரண்டஹள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர்கள் நிலம். தக்காளி போட்டுத் தக்காளி போட்டு நொந்துபோன நிலம். மல்பெரி வைக்கலாம் என்றது ராஜமேரிதான். ஊரில் எல்லாரும் சிரித்தார்கள், வியாகுலமும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் அந்த இலையை வெட்டிப் போட்டுப் புழு வளர்த்துத்தான் மகள் அனிஷாவைப் படிக்க வைத்தாள், ஓசூரில் கட்டிக் கொடுத்தாள். வியாகுலம் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், கிளை வெட்டிக் கொண்டுவந்து போடுவார், அதோடு அவர் வேலை முடிந்தது. தோட்டமும் ஷெட்டும் அவளுடையவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தத் தட்டில் புழு எப்படி இருக்கிறது என்று சொல்வாள்.

இருமல் இப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது நெஞ்சுப் படபடப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாதா கோயில் தேருக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், வியாகுலம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு கண்டபடி அடித்தது. நாலு அடி வேகமாக அடித்து, ஒரு அடி விட்டு, மறுபடி வேகமாக அடித்தது. சட்டைக்கு மேலேயே அது துள்ளுவது ராஜமேரி கண்ணுக்குத் தெரிந்தது. மருமகன்தான் வண்டி பிடித்துப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு வாரம் வைத்திருந்து, துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இதை விடாமல் சாப்பிட வேண்டும் என்பது ஒன்று. இரண்டு மாதம் கழித்து வாருங்கள், பார்த்துவிட்டுக் குறைக்கலாம், நிறுத்தலாம் என்பது இன்னொன்று.

முதல் விஷயம் ராஜமேரி மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. இரண்டாவது, பஸ் ஜன்னல் காற்றோடு போயிற்று. போகாதா பின்னே? நெஞ்சு அடங்கிவிட்டது. மனுஷன் மண்வெட்டி பிடிக்கிறார், ரெண்டு தட்டு களி சாப்பிடுகிறார். புழுவுக்கு இலை போடுவதை விட்டுவிட்டு, நன்றாக இருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு எந்தப் பொம்பளை பெங்களூர் போவாள்? தீரப்போகிற மாத்திரைப் பட்டையின் ஓரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் காட்டுவாள். "இதே மாதிரி குடுங்க" என்பாள். அவர்களும் அதே மாதிரி கொடுப்பார்கள். காட்டிய பட்டைக்கு யாரும் கேள்வி கேட்டதில்லை.

அந்த மாத்திரையை வியாகுலம் ஒரு நாளும் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டதில்லை. காலையில் சாப்பிட்டுக் கை கழுவுவார். கழுவிய கையை அப்படியே அவள் பக்கம் நீட்டுவார். பேச்சு கிடையாது. அவள் பிதுக்கி உள்ளங்கையில் வைப்பாள், வாயில் போட்டுக்கொள்வார்.

பக்கத்து நிலத்துச் சவுரியப்பன் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "பூசையில சாமியாருகிட்ட நன்மை அப்பம் வாங்கற மாதிரியில்ல வாங்கறாரு!" என்று கோயில் முழுக்கச் சொல்லிவிட்டான்.

"சொல்லட்டும் போ" என்றார் வியாகுலம். "மேரி கையால குடுத்தாதான் அது வேலை செய்யுது."

அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். இல்லை என்றால் பொய்.

இருமல் போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வறட்டு இருமல். சரி, பனிக்காற்று என்று விட்டார்கள். அப்புறம் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நடுவில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். பாலக்கோட்டில் ஒரு டாக்டர் டானிக் கொடுத்தார். சளி எடுத்துக் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள், அது இல்லை என்று வந்தது. அடுத்துப் போன டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன தொழில் பண்றீங்க?" என்றார். பட்டுப்புழு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சுண்ணாம்புத் தூளு, பிளீச்சிங் பவுடரு, புழுத் தூசு. எல்லாத்தையும் மூச்சுல இழுத்துனு இருந்தா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? முதல்ல அதை விடுங்க."

வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று ஒரு டாக்டர் கேட்டார், இன்னொருவர் கேட்கவில்லை. கேட்டவருக்கும் ராஜமேரி "இல்லைங்க" என்றுதான் சொன்னாள். அது அவளுடைய திருட்டுத்தனம் இல்லை, அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். ஒரு டாக்டரிடம் போய் இன்னொரு டாக்டர் பேச்சை எடுக்கக் கூடாது. ஒரு தரம் தன் மூட்டு வலிக்குப் போனபோது, பழைய டாக்டர் கொடுத்த மாத்திரைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அவ்வளவு பெரிய டாக்டர் இருக்கும்போது எங்கிட்ட எதுக்கு வந்த? அங்கயே போ" என்று அந்த ஆள் எல்லாவற்றையும் புறங்கையால் தள்ளிவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் முன்னால் குனிந்து பொறுக்கினாள். அன்றையிலிருந்து எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் பழைய மாத்திரை பைக்குள்ளேயே இருக்கும், பை மடியில் இருக்கும், பையின் வாயில் அவள் கை இருக்கும். அதுவும் இப்போது போயிருப்பது இருமலுக்கு. நெஞ்சு அடித்துக்கொண்டதற்குச் சாப்பிடுகிற மாத்திரையை இருமல் டாக்டரிடம் எதற்குச் சொல்வது?

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் லூர்துமேரி பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி நேரே வந்துவிட்டாள். வியாகுலத்துக்கு மூத்தவள். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள் என்பதால் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வந்ததும் தம்பியைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தவள் கை நின்றது. குனிந்து அவர் முதுகில் காதை வைத்தாள்.

"ஏ மேரி, இங்க வா. வந்து கேளு."

ராஜமேரி காதை வைத்தாள். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அடி முதுகில் சன்னமாகச் சரசரவென்று ஒரு சத்தம். கேட்டதும் தெரிந்தது அவளுக்கு. தெரியாமல் எப்படி இருக்கும்? கடைசித் தோல் உரித்து எழுந்த புழு ஷெட்டு முழுக்க இலை தின்றால் அந்தச் சத்தம்தான் வரும். அந்த நேரத்தில் பின்னால் ஷெட்டிலும் அதே சத்தம்தான் வந்துகொண்டிருந்தது.

"ஐயோ மாதாவே! புழு சத்தம்டி இது" என்று லூர்துமேரி நெஞ்சில் சிலுவை போட்டாள். "அந்த டாக்டர் சொன்னாரே, கேட்டியா நீ? எந்தம்பி நெஞ்சுக்குள்ளயே பூந்துக்கிச்சுடி உன் புழு!"

"புழு எப்பிடி அண்ணி உள்ள போவும்?" என்றாள் ராஜமேரி. சொல்லும்போதே குரலில் பலம் இல்லை.

"புழு போவலன்னா அதும் தூசு போயிருக்குது. உனக்கு எம் தம்பி வேணுமா, தோட்டம் வேணுமா? அதச் சொல்லு முதல்ல."

வியாகுலம் திரும்பிப் படுத்தார். "செடி என்னா பண்ணுச்சு அக்கா..." என்று ஆரம்பித்து, முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்தபோது உதடு நீலமாக இருந்தது. அதைப் பார்த்தாள் ராஜமேரி. அதற்குமேல் அவளிடம் வாதாடத் தெம்பு இல்லை. யாராவது ஒன்றைச் சொல்லி, அதைச் செய்து, இந்த இருமல் நின்றால் போதும்.

"எடுத்துடலாம் அண்ணி" என்றாள். "இந்தப் புழு கூடு கட்டட்டும். அது வாயில்லாத ஜீவன், பாதியில பட்டினி போட முடியாது. ஆனதும் எடுத்துடலாம்."

ஜேசிபி வருவதற்கு முந்தின நாள், இன்னும் தின்கிற புழுவுக்கு வேண்டுமே என்று, இருந்த கிளையை எல்லாம் அவளே வெட்டிச் சாக்கில் சுற்றித் தண்ணீர் தெளித்து வைத்தாள். மறுநாள் வண்டி வந்தது. பத்து வருஷத்து வேர், அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் வண்டி ஒரு தரம் பின்வாங்கி மறுபடி குத்தியது. சவுரியப்பன் வரப்பில் நின்று, "நல்லாக் கறக்கற மாட்ட அடிமாட்டுக்கு ஏத்தற மாதிரி இருக்குது" என்றான். ராஜமேரி ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புழுக்கள் பழுத்து, கூடு கட்டுவதற்குச் சந்திரிகைத் தட்டில் ஏறத் தொடங்கியிருந்தன. அழுதாள். அழுகைக்கும் புழுவுக்கும் சம்பந்தம் இல்லை என்பது மாதிரிப் புழுவைப் பொறுக்கித் தட்டில் விட்டுக்கொண்டே அழுதாள்.

கூடு விற்றுப் போயிற்று. ஷெட்டைக் கழுவிப் பூட்டினாள். மூன்று சத்தத்தில் ஒன்று நின்றது. மற்ற இரண்டும் நன்றாகக் கேட்டன. சித்திரை வந்தது, வைகாசி பிறந்தது. இருமல் குறைகிற மாதிரி தெரியவில்லை. வியாகுலம் இப்போது சட்டை மாட்டினாலே மூச்சு வாங்கினார். "உடம்புல ஏறினது இறங்க நாளாவும்" என்று லூர்துமேரி போனில் சொன்னாள். நாளாயிற்று. இறங்கவில்லை. ஒரு காலை கழிப்பறைக்குப் போனவர் திரும்ப நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகன் மறுபடி வண்டி கொண்டுவந்தார்.

இந்தத் தரம் தருமபுரி ஆஸ்பத்திரி. வந்ததுமே மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிவிட்டார்கள். டாக்டர் நிர்மலாதேவி என்று ஒரு பெண், அனிஷா வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். முதுகில் குழாயை வைத்து மேலே கீழே என்று ரொம்ப நேரம் கேட்டாள்.

"ஐயாவுக்கு சுகர், பிரஷர் இருக்குதாம்மா?"

"இல்லைங்க."

"இருதயத்துல ஏதாவது பிரச்சனை? வேற ஏதாவது மாத்திரை ரெகுலரா சாப்பிடறாரா?"

"இல்லைங்க. புழு வளத்துனு இருந்தோம், அதாங்க. இப்ப விட்டுட்டோம். தோட்டத்தையே எடுத்துட்டோம்." பையின் வாயில் கை இருந்தது.

டாக்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். அப்புறம் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை. வார்டில் இட்லி வாங்கிக் கொடுத்தாள், ஒன்றரை இட்லியோடு போதும் என்றார். கிண்ணத்தில் கை கழுவினார். கழுவிய கையை நீட்டினார். ராஜமேரி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நர்ஸ் தூரத்தில் இருந்தாள். பையிலிருந்து பட்டையை எடுத்துப் பிதுக்கி அவர் கையில் வைத்தாள். பெங்களூர் டாக்டர் விடக் கூடாது என்றாரே. ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டும் விட்டுவிட முடியுமா?

"என்னம்மா அது?"

நிர்மலாதேவி கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ராஜமேரியின் கை தானாகப் பட்டையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா. சும்மா... சத்து மாத்திரை."

"குடுங்க, பாக்கறேன்."

கொடுத்தாள். அன்றைக்குப் பொறுக்கியதுபோல இன்றைக்கும் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை. டாக்டர் பட்டையைத் திருப்பிப் படித்தாள். "அமியோடரோன்" என்று தனக்குத்தானே சொன்னாள். வியாகுலத்தின் உள்ளங்கையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் போல.

"எம்மா நாளா சாப்பிடறாரு?"

"ரெண்டு வருஷமாங்க. ஒரு நாள் விட்டதில்ல. நானேதான் எங்கையால குடுப்பேன்."

"நேத்து கேட்டனேம்மா."

"கோவிச்சுக்குவீங்கன்னு..."

"நான் கோவிச்சுக்கறதா இப்ப முக்கியம்?" என்றாள். கோபம்கூட முழுசாக வரவில்லை அவளுக்கு, அவ்வளவு களைப்பு. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துச் சொன்னாள். "இது நல்ல மாத்திரைதாம்மா. அன்னைக்கு அவரு நெஞ்சு அடிச்சுக்கிட்டதை இதுதான் அடக்குச்சு. ஆனா சில பேருக்கு இது நுரையீரல்ல போய்த் தங்கிடும். தங்கித் தங்கி அதை விறைப்பாக்கிடும். மூச்சு இழுக்கறப்ப ஒட்டிக்கிட்ட இடமெல்லாம் பிரியறதுதான் அவரு முதுகுல கேக்கற சத்தம். அதனாலதான் இதைச் சாப்பிடறவங்களை அப்பப்ப வரச்சொல்லிப் படம் எடுத்துப் பாப்பாங்க."

ரெண்டு மாதம் கழித்து வாருங்கள். பஸ் ஜன்னலோடு போனது திரும்பி வந்து ராஜமேரியின் காதில் நின்றது.

"அப்ப புழுங்க?"

"புழுத் தூசும் சில பேருக்கு ஆகாது. ஆனா அதனாலன்னா ஷெட்டைப் பூட்டினப்புறம் கொஞ்சமாவது கொறஞ்சிருக்கணும். ஸ்கேனைப் பாத்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம். இப்ப இந்த மாத்திரையையும் பாத்தாச்சு. இதாலதான்னு நினைக்கறேன். புழு ஒண்ணும் பண்ணலம்மா."

வியாகுலம் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நிறுத்திட்டா சரியாயிடுமாங்க?"

"இருதய டாக்டர்கிட்ட பேசிட்டு நிறுத்தறோம். துடிப்பை இங்கயே வெச்சுப் பாத்துக்குவோம். நுரையீரலுக்கு வேற மருந்து ஆரம்பிக்கறோம். கொஞ்சம் தெளியலாம். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. நிறுத்தினாலும் இது உடம்பை விட்டுப் போக மாசக்கணக்குல ஆகும்."

டாக்டர் எழுந்து போன பிறகும் ராஜமேரி நின்றுகொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தன் வலது கையைத்தான் பார்த்தாள். இந்தக் கைதானே. தினம் தினம், தவறாமல், பெருமையாக. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே! ஒரு சோம்பேறிப் பொம்பளையைக் கட்டியிருந்தால் இந்த மனுஷன் இன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருப்பார்.

போன் அடித்தது. லூர்துமேரி.

"என்னா சொல்றாங்க? புழு விஷம்தானே?"

"புழு இல்ல அண்ணி. மாத்திரையாம்."

"எந்த மாத்திரை?"

"நெஞ்சு மாத்திரை."

"நீ தெனம் குடுப்பியே, அதா?" என்றாள் லூர்துமேரி.

"ஆமா. நான் தெனம் குடுப்பனே, அதுதான்."

"அப்ப தோட்டம்..." என்று லூர்துமேரி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முதல் தடவையாக அவளே போனை வைத்தாள்.

அடுத்த நாள் காலை. இன்றைக்கும் இட்லிதான். வியாகுலம் கை கழுவினார். பேச்சில்லாமல் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. ஆனாலும் மடக்கவில்லை.

"கை தானா வருது மேரி, என்னா பண்றது" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி ஓய்ந்து, "பாவம், செடி மேல பழியப் போட்டுட்டமே" என்றார்.

அவள் மிச்ச இட்லியை மடித்து வைத்தாள். அந்த நேரம் நர்ஸ் சின்னக் காகிதக் கிண்ணத்தில் புது மாத்திரை கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள். "சாப்பிட்டாருல்ல? இதக் குடுத்துடுங்கம்மா."

ராஜமேரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே குடுத்துடுங்கம்மா. என் கையால வேணாம்."

"இதுல என்னம்மா இருக்குது?" நர்ஸ் கட்டிலைச் சுற்றி வந்து வியாகுலத்திடம் நீட்டினாள். "பிடிங்க ஐயா."

வியாகுலம் நர்ஸைப் பார்த்தார். விரித்திருந்த கையை மெல்ல மூடிக்கொண்டார். பிறகு ராஜமேரி பக்கம் திருப்பி, அங்கே விரித்தார். அவள் வரவில்லை. அவரும் எடுக்கவில்லை. வெறும் கையைத் தூக்கி வைத்திருப்பதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, எனக்கு இன்னும் பத்துப் பேரு இருக்காங்க" என்றாள் நர்ஸ்.

"அவ குடுக்கட்டும்மா" என்றார் வியாகுலம். "அவ கையாலதான் எனக்குப் பழக்கம்."

பாவி மனுஷன்! இதைவிட அவர் திட்டியிருக்கலாம். ராஜமேரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நர்ஸிடமிருந்து கிண்ணத்தை வாங்கினாள். வாங்கியவள் உடனே கொடுத்துவிடவில்லை.

"இது என்னா மாத்திரைங்க?"

"நுரையீரல் வீக்கத்துக்கும்மா."

"இதைச் சாப்பிட்டா வேற என்னா ஆவும்?"

"சுகர் ஏறலாம், பசி எடுக்கும். டாக்டர் பாத்துக்குவாங்க."

"இத எப்பங்க நிறுத்தணும்?"

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதை டாக்டர்தாம்மா சொல்லணும். ரவுண்ட்ஸ் வருவாங்க, கேளுங்க. தானா மட்டும் நிறுத்திடக் கூடாது."

"வரட்டும்" என்றாள் ராஜமேரி. "கேட்டுக்கறேன். கேட்டுட்டுத்தான் குடுப்பேன்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ராஜமேரி ஸ்டூலை இழுத்துப் போட்டு, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் வருகிற வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். நீட்டியிருந்த அவர் கையைப் பிடித்துப் போர்வைமேல் இறக்கி வைத்தாள். கை கட்டில்மேல் விரிந்தபடியே கிடந்தது.